சஞ்சீவியைத் தேடி யார் ஓடுவது?



இந்த இதழுக்கு என்னிடம் கேட்ட தலைப்பு 'அனுமன் காட்டும் பக்தி'. வீரம், பணிவு, பிரம்மச்சரியம் என்று வழக்கம்போல எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒன்றரை வருஷமாக அனுமனை நினைத்தாலே எனக்கு ஒரே ஒரு காட்சிதான் ஞாபகத்துக்கு வருகிறது. மலையைத் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் ஓடிவருகிறாரே, அந்தக் காட்சி. அதைப் பற்றியும் என் தம்பியைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. தம்பி முழுசாகப் படித்துவிட்டு, "சரி அண்ணே, அனுப்புங்க. என் பேரு மட்டும் வேணாம்" என்று சொன்ன பிறகே அனுப்புகிறேன்.

களத்தில் விழுந்தவர்கள்

யுத்த காண்டத்தில் ஓர் இரவு. இந்திரஜித்து பிரம்மாஸ்திரத்தை விடுகிறான். வானர சேனை மொத்தமும் சாய்ந்து கிடக்கிறது. வால்மீகி சொல்கிறபடி இராமனும் இலட்சுமணனும்கூட நினைவில்லாமல் கிடக்கிறார்கள். கம்பர் இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார். அங்கே இராமன் பிறகு வந்து தம்பி கிடக்கும் கோலத்தைப் பார்த்து மயங்கி விழுவார்.

அந்த இருட்டில் விபீஷணனும் அனுமனும் கையில் தீப்பந்தத்தோடு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேடுகிறார்கள். ஜாம்பவான் காயத்தோடு கிடக்கிறார். கண் தெரியவில்லை. விபீஷணனைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி: அனுமன் உயிரோடு இருக்கிறானா?

விபீஷணனுக்கு ஆச்சரியம். இராமனைப் பற்றிக் கேட்கவில்லை, இலட்சுமணனைப் பற்றிக் கேட்கவில்லை, சுக்ரீவனைப் பற்றிக் கேட்கவில்லை, ஏன் அனுமனை மட்டும் கேட்கிறீர்கள் என்கிறான். அவன் ஒருவன் இருந்தால் செத்துக் கிடக்கும் இந்தச் சேனையும் பிழைக்கும், அவன் இல்லையென்றால் உயிரோடு இருப்பவர்களும் செத்தவர்களே என்று கிழவர் பதில் சொல்கிறார்.

சின்ன வயதில் இதை அனுமனுக்குக் கிடைத்த பாராட்டு என்றுதான் படித்தேன். இப்போது வேறு மாதிரி புரிகிறது. ஜாம்பவானுக்கு மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் எழுந்து போக முடியாது. அடிபட்டுக் கிடப்பவன் தன் மருந்தைத் தானே தேடிப் போக முடியாது. யாராவது ஒருவர் ஓட வேண்டும். அந்த ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் அவர் கேள்வி.

நான் ஓடாத மாதங்கள்

நான் ஜொகூரில் பொறியியல் படிக்கிறேன். வீடு வடக்கே கெடாவில், ஒரு சின்ன தாமானில். அப்பா லோரி ஓட்டுநர், அம்மா தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஒரே தம்பி. அப்போது அவன் படிவம் 4.

முதலில் அவனுக்கு வயிற்று வலி வந்தது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வரும். பிறகு தலைவலி. இரவு மூன்று மணி வரை தூங்க மாட்டான். பூப்பந்து விளையாடுவதை விட்டுவிட்டான். அம்மா எதையாவது கேட்டால் எரிந்து விழுவான், பிறகு கதவைச் சாத்திக்கொள்வான். அப்பா, "எல்லாம் இந்தப் போன்னாலதான்" என்று போனைப் பிடுங்கி வைத்தார். அவன் சண்டைகூடப் போடவில்லை. அப்போதே நாங்கள் பயந்திருக்க வேண்டும்.

அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார். கயிறு கட்டினார். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று குறி சொல்பவரிடம் போனார்கள். அவர் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லி ஒரு பெரிய தொகையை வாங்கிக்கொண்டார். சொந்தக்காரர்களிடம் "பரீட்சை டென்ஷன்" என்று சொல்லி வைத்தோம்.

நான் என்ன செய்தேன்? அதுதான் எனக்கு வெட்கம். விடுமுறையில் வந்தபோது எங்கள் சமய முகாமில் கீதையைப் பற்றிப் பேசினேன். அர்ச்சுனன் வில்லை நழுவ விட்டான், கண்ணன் அவனை எழுந்து நில் என்றார், மனத்தளர்ச்சி நமக்கு அழகல்ல, உண்மையான இந்து இளைஞன் சோர்ந்து உட்கார மாட்டான் என்று கையைத் தூக்கிப் பேசினேன். நல்ல கைத்தட்டல். தம்பி கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறோம் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

அன்றைக்கு இரவு அறையில் விளக்கை அணைத்த பிறகு அவன் கேட்டான்: "அண்ணே, நான் நல்ல இந்து இல்லையா?"

"ஏன்டா அப்படிக் கேக்குற?"

"எழுந்து நிக்கணும்னு நானும் தினமும் நெனைக்கிறேன். முடியல. தூங்குனா அப்படியே எந்திரிக்காமப் போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இவ்வளவு நாள் மேடையில் பேசிய எதுவும் வாயில் வரவில்லை. எழுந்துபோய் அவன் கட்டிலில் உட்கார்ந்தேன். எங்கேயோ படித்த ஞாபகத்தில் நேராகவே கேட்டேன்: "செத்துப் போகணும்னு தோணுதா?" ரொம்ப நேரம் கழித்து, "சில நாள்" என்றான். விடியும் வரை இரண்டு பேரும் தூங்கவில்லை.

பிறகு மருத்துவர் எங்களுக்குச் சொன்னது இது. அப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் தலைக்குள் புகுந்துவிடும் என்று பலர் பயந்து கேட்காமல் விடுகிறார்கள். அது தவறு. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. ஒளித்து வைத்திருந்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது.

கீதையையும் மறுபடி திறந்து பார்த்தேன். அதன் முதல் அத்தியாயத்துக்கே அர்ச்சுன விஷாத யோகம் என்றுதான் பெயர். கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, நிற்க முடியவில்லை என்று அவன் சொல்வதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தத் துயரத்துக்கும் யோகம் என்றே நம் பெரியவர்கள் பெயர் வைத்தார்கள். கண்ணன் முதலில் கடிந்துதான் பேசினார். அதற்குப் பிறகும் அர்ச்சுனனால் முடியவில்லை, எனக்கு வழி தெரியவில்லை, சொல்லித் தா என்று அழுதான். கண்ணன் தேரை விட்டு இறங்கிப் போய்விடவில்லை. 18 அத்தியாயம் முடியும் வரை கூடவே இருந்தார். நான் கடிந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட இருந்ததை விட்டுவிட்டேன்.

மருந்து மலை

மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா, "பைத்தியக்கார டாக்டர்கிட்டப் போனா நாளைக்கு இவனுக்கு யாருடா வேலை குடுப்பா?" என்றார். "அப்பா, வேலை அப்புறம். இப்ப இவன் நமக்கு வேணும்" என்றேன். அப்பா அதற்கு மேல் பேசவில்லை. லோரி சாவியை மேசையில் வைத்துவிட்டு அன்றைக்கு லீவு போட்டார்.

பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனோம். பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். இருமலுக்கும் சர்க்கரைக்கும் வந்தவர்களோடு நாங்களும் நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். மருத்துவ அதிகாரி ஓர் இளம் பெண். ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். பிறகு, "தம்பியோடு கொஞ்சம் தனியாகப் பேசுகிறேன்" என்று எங்களை வெளியே அனுப்பினார். அரை மணி நேரம். அவன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். அதற்கு இடையில் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவனைத் தனியாக விடக்கூடாது, மாத்திரைகளையும் ஆபத்தான பொருள்களையும் பூட்டி வைக்க வேண்டும், நிலைமை மோசமானால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார்.

இங்கே மறுபடி அனுமனிடம் போவோம். ஜாம்பவான் சொன்னது ஒரு மருந்து இல்லை, நான்கு. உயிரை மீட்க ஒன்று. உடம்பில் தைத்த ஆயுதத்தை எடுக்க ஒன்று. பிளந்ததைச் சேர்க்க ஒன்று. பழைய நிறத்தைக் கொண்டுவர ஒன்று. ஒவ்வொரு துன்பத்துக்கும் தனித்தனி மூலிகை உண்டு என்று தெரிந்தவர்கள் நம் முன்னோர்கள்.

மருத்துவமனையிலும் அப்படித்தான் இருந்தது. குழந்தைகள், இளையோர் மனநல நிபுணர் ஒருவர் நோய் என்ன என்று கண்டறிந்தார். தம்பிக்கு மனச்சோர்வு நோய். மருத்துவ உளவியலாளர் ஒருவர் வாரம் தவறாமல் அவனோடு பேசி, எந்த எண்ணம் எங்கே அவனை இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பள்ளியின் ஆலோசக ஆசிரியரோடு பேசி முதலில் பாதி நாள், பிறகு முழு நாள் என்று ஏற்பாடு செய்தார்கள். சில வாரங்கள் கழித்து மாத்திரையும் தொடங்கினார்கள். அது வேலை செய்யப் பல வாரம் ஆகும், நல்லாயிட்டேன் என்று நீங்களாக நிறுத்தக்கூடாது என்று எச்சரித்தார்கள். பெரியவர்களுக்குச் செய்வதையே சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படியே செய்ய முடியாது. பெரியவர் 'மனசு சரியில்லை' என்பார். பிள்ளை வயிறு வலிக்குது என்பான், கோபப்படுவான், பள்ளிக்குப் போக மாட்டான். அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

சுலபமாக எல்லாம் நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் இந்தத் துறை நிபுணர்கள் மிகக் குறைவு. கடிதம் கொடுத்த பிறகும் முதல் அப்பாயிண்ட்மென்ட்டுக்குப் பல வாரம் காத்திருந்தோம். ஒருமுறை தேதி மாற்றப்பட்டதை யாரும் சொல்லவில்லை, போய்த் திரும்பி வந்தோம். அனுமன் மலைக்குப் போனபோது மூலிகைகள் தங்களை ஒளித்துக்கொண்டன என்று வால்மீகி சொல்கிறார். அவர் 'கிடைக்கவில்லை' என்று திரும்பி வரவில்லை. மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் பெயர்த்த மலை அவ்வளவு பெரிசில்லை. வாரா வாரம் போன் போட்டுக் காலியிடம் இருக்கிறதா என்று கேட்டோம். காத்திருந்த வாரங்களில் கிளினிக்கிலேயே அந்த மருத்துவ அதிகாரியைத் தொடர்ந்து பார்த்தோம். அப்பா முறை மாற்றிக்கொண்டு வண்டி ஓட்டினார். நான் ஜொகூரிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்தேன். நிபுணரைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் 5 ரிங்கிட்தான் செலவு. குறி சொன்னவரிடம் கொடுத்த பணத்தை நினைத்து அம்மா இப்போதும் பெருமூச்சு விடுவார்.

"இது முன்வினை" என்பவர்களுக்கு

தம்பி விஷயம் வெளியே தெரிந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "எல்லாம் கர்மா தம்பி. அனுபவிச்சித்தான் தீரணும்." சமயம் படித்தவர், நல்லவர். அதனால்தான் அந்த வார்த்தை அதிகமாக வலித்தது.

வினை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் திருஞானசம்பந்தரைக் கேளுங்கள். கொடிமாடச்செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அவரோடு வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. வினைப்பயன், கிடக்கட்டும் என்று அவர் விடவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார். அந்த வினைக்கு இந்தப் பயன் என்று வாயால் சொல்லிக்கொண்டு, அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் இருப்பது நமக்கு இழிவு இல்லையா என்ற பொருளில்தான் அந்தப் பதிகம் தொடங்குகிறது. நம் வீட்டில் பலர் மனப்பாடமாகப் பாடும் பதிகம். அதைப் பாடிக்கொண்டே 'கர்மா, விடு' என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் கேட்பார்கள்: அப்படியென்றால் பிரார்த்தனைக்கு வேலை இல்லையா? உண்டு. அம்மா தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தார். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவும் அந்த வார அப்பாயிண்ட்மென்ட்டைத் தள்ளிப் போடவில்லை. அம்மாவுக்குத் தாங்கும் பலத்தைக் கொடுத்தது அந்த வேண்டுதல். ஆனால் பிரார்த்தனை செய்துவிட்டோம், இனி மருத்துவர் எதற்கு என்று உட்காருவது பக்தி இல்லை. இராமன் யார்? நாராயணன். அவர் கிடந்த களத்துக்கே வெளியிலிருந்து மருந்து வர வேண்டியிருந்தது. அனுமனைவிடப் பெரிய பக்தன் யார்? அவர் இராமநாமத்தைச் சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை, ஓடினார். அவருடைய ஜபம் அன்றைக்குக் கால்களில் இருந்தது.

ஒரு பாலத்தில் விரிசல் விட்டால், நாங்கள் படிக்கும் வகுப்பில் 'பாலமே, உறுதியாக நில்' என்று சொல்லித் தர மாட்டார்கள். பாரத்தைக் குறை, எங்கே விரிசல் என்று பார், தெரிந்தவரைக் கூப்பிடு என்றுதான் சொல்லித் தருவார்கள். கான்கிரீட்டுக்குக் காட்டும் இரக்கத்தைக் கூடப்பிறந்தவனுக்குக் காட்ட எனக்கு இத்தனை மாதம் பிடித்தது.

நம் பங்கு

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2022ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரியவந்தது. உங்கள் வாரச் சமய வகுப்பில் 20 பேர் உட்கார்ந்திருந்தால் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இளைஞர்களே, சில வேண்டுகோள்கள்.

பாருங்கள். ஒரு தம்பியோ தங்கையோ இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், சாப்பாடு, படிப்பு, விளையாட்டு எல்லாவற்றிலும் மாறிப்போயிருந்தால், அது சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கேளுங்கள். அறிவுரையைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள்.

ரகசியம் காக்கிறேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். ஒரு நண்பன் சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால், அவனிடமே சொல்லிவிட்டு ஒரு பெரியவரிடம் கொண்டுபோங்கள். பெற்றோர், ஆலோசக ஆசிரியர், சமய ஆசிரியர், யாராவது ஒருவர். அவன் கோபப்படலாம், பரவாயில்லை. கோபத்தோடு உயிரோடு இருக்கட்டும்.

வழியைத் தெரிந்துவைத்திருங்கள். முதல் படி கிளினிக் கெசிஹாத்தான். அங்கிருந்து கடிதம், பிறகு நிபுணர். பல ஊர்களில் மெந்தாரி என்ற அரசாங்கச் சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும் கூட வர வேண்டியிருக்கும், அதனால் பெற்றோரிடம் பேசும் வேலையும் நம்முடையது. பேச ஒருவர் வேண்டும் என்றால் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. உயிருக்கே ஆபத்து என்றால் யோசிக்காமல் 999, அல்லது நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்பதற்குத் தண்டனை இல்லை.

கடைசியாக ஒன்று, சோர்ந்து போயிருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும். இதை நீயே படித்துக்கொண்டிருக்கலாம். உன்னால் எழுந்து நிற்க முடியவில்லை என்றால் நீ கெட்ட இந்து இல்லை. அன்றைக்குக் களத்தில் விழுந்து கிடந்தவர்களில் இராமனும் ஒருவர். ஜாம்பவான் செய்ததை மட்டும் செய். கிடந்த இடத்திலிருந்தே ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடு. முதலில் கூப்பிட்டவர் என்னைப்போல அறிவுரை சொல்லித் தொலைத்தால், இன்னொருவரைக் கூப்பிடு.

தம்பி இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். முழுசாகக் குணமாகிவிட்டான் என்று எழுத ஆசைதான். நல்ல வாரங்கள் அதிகம், மோசமான நாள்களும் வருகின்றன. எஸ்.பி.எம். எழுதிவிட்டான். மாத்திரை தொடர்கிறது. போன மாதம் வீட்டுக்குப் போனபோது மாலையில் பூப்பந்து மட்டையை எடுத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு செட்டு வர்றீங்களா?" என்றான். 21-9 என்று தோற்றேன். வேண்டுமென்றே தோற்கவில்லை.

அந்த விடியலில் அனுமன் மலையோடு வந்து இறங்கினார். மூலிகைகளின் வாசனை பட்டதுமே விழுந்தவர்கள் தூங்கி விழித்ததுபோல எழுந்தார்கள். பிறகு அவர் அந்த மலையைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். அடுத்தவனுக்கும் அது வேண்டியிருக்கும் அல்லவா? நாங்கள் போய்வந்த வழியை நானும் அதற்காகத்தான் இங்கே எழுதி வைத்தேன்.

ஜெய் ஆஞ்சநேயா. திருச்சிற்றம்பலம்.